ஒன்றேகால் யூனிட்

என் மாமனார் மின்கட்டணக் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் வீட்டு மீட்டரையெல்லாம் பார்த்துப் பார்த்து அட்டையில் எழுதியவருக்கு, இப்போது பார்ப்பதற்கு மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டு மீட்டர் ஒன்றுதான். காலையில் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இரண்டு மாதத்துக்கு முதல் கொஞ்சம் யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் கணக்கே வேறு. எங்கள் வீட்டு ஃபேன், மிக்ஸி, கெய்சர் எல்லாம் அந்த 500க்குப் பயந்துதான் ஓடுகின்றன.

இந்த வீட்டில் நான் ஒரு புது 4 டிபி ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க உட்கார்ந்தேன். நாத்தனார் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று குடும்பத்தின் மொத்த வீடியோவும் அதில் ஏறப்போகிறது. கடைக்காரர் கொடுத்த பெட்டியைப் பிரித்த கையோடு நம்பி ஏற்றிவிடும் துணிச்சல் எனக்கு இல்லை.

லினக்ஸில் 'பேட்பிளாக்ஸ்' என்றொரு நிரல் உண்டு. எழுதிப் பார்க்கும் முறையில் அதை ஓடவிட்டால், டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும். பிறகு முதலிலிருந்து படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம் இன்னோர் எண். இப்படி நான்கு எண்கள். எழுத நான்கு சுற்று, படிக்க நான்கு சுற்று. வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் போனாலும் 4 டிபியை ஒருமுறை கடக்க ஏழரை மணி நேரம் ஆகும். ஏழரை என்று காதில் விழுந்ததுமே அத்தை, சனிக்கிழமை எள் தீபம் போட்டுவிடலாமா என்று கேட்டார். எட்டுச் சுற்றுக்கு அறுபது மணி நேரம் என்று நான் சொல்லவில்லை.

முதல் நாள் இரவு சோதனையை ஆரம்பித்துவிட்டுப் படுக்கப் போனேன். பத்து நிமிடத்தில் மானிட்டர் இருண்டிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த மாமா, இருண்ட திரையையும் அதன் பக்கத்தில் முனகிக்கொண்டிருந்த சி.பி.யூவையும் பார்த்திருக்கிறார். காலையில் சுவிட்ச் போர்டே அணைந்து கிடந்தது.

"ஆளில்லாத ரூம்ல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சும்மா. நீ மறந்துட்டேன்னு நான்தான் அணைச்சேன்" என்றார், நல்ல காரியம் செய்த முகத்துடன்.

"மாமா, உள்ள வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு."

"ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்லையேம்மா?"

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. திரை அணைவதற்கும் கணினி உறங்குவதற்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். செட்டிங்ஸில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, அண்ணன் தம்பி மாதிரி நிற்பதால் வருகிற குழப்பம் இது. திரை அணைந்தால் சோதனைக்கு ஒரு கேடும் இல்லை, டிஸ்க் தன் பாட்டுக்குச் சுழலும். கணினி உறங்கினால்தான் வினை. டிஸ்க் செருகியிருக்கும் யுஎஸ்பியில் மின்சாரம் நின்று, விழித்த பிறகு அதே டிஸ்க் வேறு பெயரில் வந்து நிற்கும். பழைய பெயரில் அதைத் தேடும் சோதனை வரிசையாகப் பிழை காட்டத் தொடங்கும். 'ஹார்ட் டிஸ்க்கை நிறுத்து' என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது சும்மா கிடக்கும் டிஸ்க்குக்கு மட்டும்தான்; இதற்குச் சும்மா இருக்க ஏது நேரம்?

கணினிக்கு ஒரு விசித்திர புத்தி. கீபோர்டையோ மவுஸையோ யாராவது தொட்டால்தான் வேலை நடப்பதாக அர்த்தம். உள்ளே டிஸ்க் உயிரைக் கொடுத்து உழைப்பதெல்லாம் அதன் கணக்கில் சேராது. சினிமா ஓட்டும் நிரல், 'அணைக்காதே' என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறது. கறுப்புத் திரையில் ஓடும் பாவப்பட்ட சோதனை நிரலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வெளிநாட்டில் மவுஸைத் தானாக அசைக்கும் குட்டிக் கருவியே விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் டிஸ்க்கைச் சோதிக்கிறவர் எத்தனை பேர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லித் தூங்குகிறவர் எத்தனை பேர் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உறக்கத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன். அது டிஸ்க்குக்காக. கூடவே திரையையும் 'ஒருபோதும் அணையாதே' என்று வைத்தேன். அது மாமாவுக்காக. வெளிச்சம் இருந்தால்தானே சுவிட்ச் பக்கம் கை போகாது?

போகவில்லை, வாய் வந்தது. "மூணு நாளும் லைட்டு எரியணுமா?"

மானிட்டரின் பின்னால் 20 வாட் என்று இருந்தது. அறுபது மணி நேரத்துக்கு 1.2 யூனிட். மாமா மனக்கணக்காகவே போட்டு, "ஒண்ணேகாலுன்னு வெச்சுக்க" என்றார், பழைய பழக்கத்தில் மேலே தூக்கி. திரையைக் காப்பதும் சிக்கனமும் முன்பிருந்தே இருக்கும் கவலைகள்தான் என்று நான் கொஞ்சம் சரித்திரம் சொன்னேன். பழைய குழாய் மானிட்டரில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு திரையில் பதிந்துவிடும். அதைத் தடுக்க ஜான் சோச்சா என்பவர் 1983 டிசம்பரில், திரையை வெறுமனே இருட்டாக்கும் நிரல் ஒன்றைப் பத்திரிகையில் வெளியிட்டார். 1989இல் அதே வேலைக்குச் சிறகு முளைத்த டோஸ்டர்கள் திரையில் பறக்க ஆரம்பித்தன. மின்சாரம் மிச்சம் என்ற பேச்சு வந்தது 1992இல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தோடு. அதில் முதலில் சேர்ந்தவை கணினியும் மானிட்டரும்தான்.

டோஸ்டர் பறந்ததில் மாமாவுக்கு ஆர்வமில்லை. "அமெரிக்காக்காரனே அணைக்கச் சொல்றான் பாரு" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: "திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆரம்பி. புதன் ராத்திரி முடிஞ்சிடும். வியாழக்கிழமை நம்ம ஏரியால பராமரிப்பு, ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிரும்." எத்தனையோ இணையதளங்களில் ஹார்ட் டிஸ்க் சோதனை பற்றிப் படித்திருக்கிறேன். எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று அவற்றில் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மதியம் அந்த அறைக்குள் போனால், மாமா நாற்காலி போட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சோதனை காட்டுவது ஒரே வரிதான்: எத்தனை சதவீதம் முடிந்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று, பிழைகள் எத்தனை. சதவீதம் இரண்டு தசமப் புள்ளி வரை வரும். பிழை மூன்று வகை என்பதால் மூன்று பூஜ்யங்கள் வரிசையாக நிற்கும். வேலை பார்த்த காலம் முழுக்க எண்கள் நகர்வதை நின்றபடியே பார்த்தவருக்கு, உட்கார்ந்து பார்க்க ஒன்று கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது, "37.41. இன்னும் ஒரு பிழைகூட இல்ல" என்று வாசலிலேயே சொன்னார். எதில் என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

புதன் இரவு முடிந்தது. மூன்றும் பூஜ்யமே. வீடியோக்களை ஏற்றினேன்.

சில மாதம் கழித்து மறுபடி சோதிக்கும் நேரம் வந்தது. இம்முறை மாமாவின் சிக்கனத்துக்கு ஏற்ற வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்மார்ட் நெடுஞ்சோதனை என்பது டிஸ்க்கே தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. உத்தரவு கொடுத்துவிட்டால் போதும். கணினி விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையை அணைத்துவிடலாம், ஒரு வாட்டும் செலவில்லை. எவ்வளவு பாக்கி என்று கேட்டால் பத்துப் பத்து சதவீதமாகத்தான் பதில் சொல்லும்.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "பத்துப் பத்தா குறைக்கறதெல்லாம் ஒரு கணக்கா? புள்ளி வெச்சு வருமே, அதையே போடும்மா."

"அதைப் போட்டா நாத்தனார் கல்யாணம் மொத்தமும் அழிஞ்சுடும் மாமா."

கொஞ்சம் யோசித்தார். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார். கடைசியில், எதையும் அழிக்காமல் படித்து மட்டும் பார்க்கும் முறையில் பேட்பிளாக்ஸை ஓடவிட்டேன். ஒரே சுற்று, ஏழரை மணி நேரம். வழக்கம்போல உறக்கத்தை நிறுத்திவிட்டு, திரை பத்து நிமிடத்தில் அணையட்டும் என்று விட்டுவிட்டு எழுந்தேன்.

"ஸ்க்ரீன் அணையாம வெச்சுட்டுப் போ" என்றார் மாமா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "கால் யூனிட்கூட ஆகாது."