லிந்துலைக் காற்றில் றாத்தல்: டயர் அழுத்தம் குறித்த ஓர் ஆய்வு

லிந்துலைத் தோட்டங்களில் கொழுந்து கிலோவில் நிறுக்கப்படுகிறது. பெற்றோல் லீற்றரில் ஊற்றப்படுகிறது. ஆனால் ஆட்டோவை நிறுத்தி "முப்பது போடுங்க அண்ணே" என்றால், அந்த முப்பது சதுர அங்குலத்துக்கு முப்பது றாத்தல். மலையேறி வந்த மெட்ரிக் முறை டயர் கடை வாசலில் மட்டும் ஏன் தயங்கி நின்றது என்பதை அறிஞர் உலகம் போதிய கனத்தோடு அணுகவில்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

மாற்றும் விதி எளிது. ஒரு றாத்தல் அழுத்தம் 6.895 கிலோபாஸ்கல், 14.5 றாத்தல் ஒரு பார். ஆக முப்பது என்பது 207 கிலோபாஸ்கல், அல்லது 2.07 பார். வெறும் பாஸ்கலில் கேட்பதானால் 2,06,843 என்று சொல்லியாக வேண்டும். சொல்லி முடிக்கும் வரை பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள் பொறுக்கமாட்டார்கள்.

சிக்கல், எந்த றாத்தல் என்பதில் இருக்கிறது. முறையான றாத்தல் 453.6 கிராம். கடையில் ஒரு றாத்தல் பாண் என்றால் 450 கிராம். மிச்சம் மூன்றரைக் கிராமைத் தின்றது யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. ஆனால் பாண் றாத்தலால் முப்பது அடித்தால் உண்மையில் ஏறுவது 29.76தான். நல்லவேளை, இந்தக் கால் றாத்தல் சாதாரண அழுத்தமானிகளின் கண்ணில் படாது.

அடுத்த சிக்கல் வானத்திலிருந்து வருகிறது. மானி காட்டுவது டயருக்குள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சின் பூயி தெ தோம் மலையில் ஏறி, உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதைக் காட்டினார். அந்த மலை 1,465 மீற்றர். நம் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென் கூம்ப்ஸ் 1,382 மீற்றர். பெரியே இங்கேயே வந்து அளந்திருக்கலாம். விடை பெரிதாக மாறியிராது. தேநீருக்கு மட்டும், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

கொழும்பில் வெளிக்காற்று 14.7 றாத்தல், இங்கே ஏறக்குறைய 12.5. அங்கே முப்பது அடித்த டயர் இங்கே 32.2 காட்டத்தானே வேண்டும்? காட்டாது. கொழும்பின் 30 பாகைச் சூட்டில் அடைத்த காற்று, லிந்துலையின் 15 பாகை விடியலில் குளிர்ந்து இரண்டு றாத்தலுக்குச் சற்று அதிகமாகவே அழுத்தம் இழக்கிறது. மலை கூட்டியதைக் குளிர் கழித்துவிடுகிறது. மானி பழையபடி முப்பதில் நிற்கிறது. இவ்வளவு நேர்த்தியான கணக்கை நாம் வேறெந்தத் துறையிலும் கண்டதில்லை.

ஆகவே கொழும்பிலிருந்து வருகிறவர்கள் காற்றை இறக்க வேண்டாம். வண்டியை இரவு நிறுத்தி, டயர் நன்றாக ஆறிய பின் காலையிலேயே அளந்துகொள்ளுங்கள். வெயிலேறி 24 பாகையானால் மானி ஒரு றாத்தலுக்கு மேல் கூட்டிக் காட்டும்.