கண்டதைச் சொன்னால் ஐந்து வருடம்

மலையைத் துளைத்துக்கொண்டு பாதை ஒன்று வரும்வரைக்கும் கண்டி இராச்சியத்தை எவனாலும் பிடிக்க முடியாது என்றொரு ஐதீகம் உண்டு. கடுகண்ணாவையில் குடைந்த பாறையைக் காட்டி, "பார்த்தீர்களா, பலித்துவிட்டது" என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். கணக்குத்தான் இடிக்கிறது. கண்டி பிரித்தானியர் கையில் விழுந்தது 1815இல். அவர்களுடைய கப்டன் டோசன் அந்தப் பாறையினூடே வீதியைப் போட்டது 1820களில். 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இராச்சியத்தைத் தூக்கிக் கொடுத்தவர்கள் உள்ளூர்ப் பிரதானிகள். பழி மட்டும் பாறையின் ஓட்டைக்கு. உள்ளே இருப்பவனை விட்டுவிட்டு ஓட்டையைத் திட்டும் இந்த மரபை நமது அரச கந்தோர்கள் சிந்தாமல் சிதறாமல் காத்து வருகின்றன.

அதே கடுகண்ணாவையில் 2016 ஓகஸ்ட் கடைசியில் பதினேழு வயது மாணவன் ஒருவன் கைதானான். ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் புகுந்து முகப்பில் செய்தி எழுதிவைத்தான் என்பது குற்றச்சாட்டு. அந்தச் செய்தி கேட்டவை பல. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்கும் முடிவை மீளப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவரின் பிரச்சினைகளைக் கவனியுங்கள். முடியாவிட்டால் ஜனாதிபதித் தேர்தலை வையுங்கள். இவற்றோடு இன்னொன்று: இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைப் பாருங்கள்.

அடுத்தவர் முகப்பில் கிறுக்குவது சரியல்ல. ஆனால் ஒரு நாட்டின் தலைவருடைய இணையத்தளம் பள்ளிக்கூடப் பையனுக்குத் திறந்து கிடந்ததென்றால், யாருடைய காதைத் திருகவேண்டும்? அவனைச் சில நாளில் பிடித்துவிட்டார்கள். தளத்தை அப்படித் திறந்து போட்டவரைத் தேடி கடுகண்ணாவை ஏற்றத்தில் எந்த ஜீப்பும் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

"முறைப்படி சொல்லியிருக்கலாமே தம்பி" என்று உபதேசிக்கும் பெரியவர்களே, அந்த முறையை ஒருதரம் நடந்து பார்ப்போம். பேராதனையில் பொறியியல் படிக்கும் பிள்ளை ஒன்று, ஏதோவொரு திணைக்களத்தின் தளத்தில் தன் விண்ணப்பத்தைப் பார்க்கிறது என்று வையுங்கள். முகவரியின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டினால் அடுத்தவரின் அடையாள அட்டை, தொலைபேசி எண், வீட்டு விலாசம் எல்லாம் வந்து நிற்கின்றன. பதறிப்போய் அழைக்கிறது. மாத்தயா கூட்டத்தில். மறுநாள் அழைத்தால் மாத்தயா லீவில். மூன்றாம் முறை, எழுத்தில் தரச் சொல்கிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால், சிங்களத்தில் தரச் சொல்கிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பட்டுமா என்றால், பதிவுத் தபால்தான் செல்லும். இத்தனை வாசலும் தாண்டிக் கடிதம் உரியவர் மேசைக்குப் போனால், அவர் கேட்கும் முதற்கேள்வி: "இதை நீ ஏன் பார்த்தாய்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டமே நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி, அதிகாரமில்லையென்று தெரிந்தே ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுக முனைந்தால் ஓர் இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கணினியை இயக்கிவைத்தாலே போதும் என்று விளக்கக் குறிப்பு வேறு. திருட வந்தவனுக்கும், கதவு திறந்து கிடக்கிறதென்று சொல்ல வந்தவனுக்கும் வாசலில் ஒரே கைவிலங்கு.

இப்போது ஓட்டையின் சொந்தக்காரர்கள் பக்கம் வருவோம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச மேகக் கணினிக் கட்டமைப்பைக் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய ஐயாயிரம் அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்பு. மே 17இலிருந்து அன்றுவரை வந்ததும் போனதும் மாயம்; அந்தக் காலத்துக்கு இணையத்துக்கு வெளியே வைத்த பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு அந்த நிறுவனம் ஆதரவை நிறுத்திக்கொண்டது 2023 ஏப்ரலில். 2021இலிருந்தே புதுப்பிக்க நினைத்ததாகவும், பணமில்லாமலும் பொறுப்பான அரச நிறுவனத்தின் முந்தைய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளாலும் தாமதமானதாகவும் விளக்கம் வந்தது. நினைத்தார்களாம்! ஐந்து வருடச் சிறைக்குக் கணினியைப் போட்டாலே போதும். ஒரு நாட்டின் கடிதப் பெட்டியைத் தொலைத்தவர்களுக்கு மட்டும் நினைத்ததே தகுதி.

மலையகத்தாருக்கு இதில் தனிப் பெருமை ஒன்றும் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினக் கொடி இறங்கி இரண்டு நாளில், கூகுளின் இலங்கை முகவரி உட்படப் பல தளங்களுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். அங்கே எழுதியிருந்தவற்றில் தேயிலைத் தொழிலின் அவலமும் ஒன்று. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காய்க் கத்திய தொண்டைகளால் முடியாததை முகவரி திருடியவன் ஒருவன் செய்து காட்டினான். அப்போதும் அதிகாரிகள் விசாரித்தது முகவரியைத்தான்.

2024 ஏப்ரலில் கல்வி அமைச்சின் தளம். புகுந்தவர் தன்னை மாணவர் என்றே சொல்லிக்கொண்டு, பாதுகாப்புப் போதாது, வேறு யாரும் நாசம் செய்யுமுன் என்னோடு பேசுங்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். கடுகண்ணாவைக்குப் பிறகு எட்டு வருடம். பிள்ளைகள் மாறினார்கள், பாடம் மாறவில்லை. வாத்தியார் மட்டும் இன்னும் வகுப்புக்கு வரவில்லை.

ஓட்டையை மறுத்து, சொன்னவரைச் சாடும் இந்தக் கலை நமக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்ததை 2019 செப்டெம்பரிலேயே அதிகாரிகளுக்குச் சொன்னதாக இணையப் பாதுகாப்பு நிபுணர் புக்ராஜ் சிங் ஒக்டோபர் 28இல் வெளியே பேசினார். மறுநாள் நிலையம், தன் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்கவே வழியில்லை என்றது. அதற்கு மறுநாள் இந்திய அணுமின் கழகம், தீநிரல் இருந்தது உண்மை, நிர்வாகக் கணினியில்தான் என்றது. அமெரிக்காவின் மிசூரியில் 2021இல் ஒரு பத்திரிகையாளர், அரச தளத்தின் நிரலில் ஆசிரியர்களின் அடையாள எண்கள் கிடப்பதைக் கண்டு முதலில் அதிகாரிகளுக்குச் சொன்னார். அவர்கள் மூடும்வரை பொறுத்திருந்து பிறகே எழுதினார். முறையென்றால் இதுதான் முறை. ஆளுநர் மைக் பார்சன் அவருக்குச் சூட்டிய பட்டம் ஹெக்கர்! வழக்கை எடுக்க அரச வழக்கறிஞருக்கே மனம் வரவில்லை.

இப்படிக் கண்டதைச் சொல்வதற்கு நெதர்லாந்து 2013இலேயே நெறிமுறை வகுத்தது. அரச தளத்தில் ஓட்டை கண்டு முறையாகச் சொன்னவருக்கு அந்த நாடு ஒரு டீ சேர்ட் அனுப்புகிறது. அரசாங்கத்தை ஹெக் செய்தேன், கிடைத்தது இந்த உதவாத சட்டைதான் என்ற கிண்டல் அதன் நெஞ்சில் அச்சாகியிருக்கும். தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்ளும் அரசுக்கு ஓட்டையை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நமது அரசுக்குச் சட்டம் செய்யத் தெரியாதென்று யாரும் சொல்லவேண்டாம். இணையப் பாதுகாப்புக்கான சட்டவரைவு 2019இல் வந்தது. 2024 ஜனவரியில், இணையத்தில் பேச்சைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாய்ந்து நிறைவேறியபோது, அந்தப் பழைய வரைவு இன்னும் வரைவாகவே கிடந்தது. ஓட்டையை அடைக்க ஐந்து வருடம் போதவில்லை. வாயை அடைக்க இரண்டு நாள் விவாதம் போதுமாயிருந்தது.

கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு அரச தளத்திலும் முறைப்பாட்டுக்கு ஒரு முகவரி, மூன்று மொழியிலும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கில்லை என்று சட்டத்தில் ஒரு வரி. சொன்னதைத் திருத்த ஒரு தவணை. இதற்குக்கூட வக்கில்லையென்றால், ஓட்டை காணும் அடுத்த பிள்ளை கடுகண்ணாவைப் பையனைப்போல முகப்பில் எழுதி மாட்டிக்கொள்ள மாட்டான். வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறுவான், அல்லது கண்டதை விற்பான். வாங்க ஆள் இருக்கிறான். அவன் பதிவுத் தபால் கேட்பதில்லை, சிங்களத்தில் எழுதித் தா என்பதில்லை, கூட்டத்துக்கும் போவதில்லை. கையில் காசோடு காத்திருக்கிறான்.