லயமும் 5.1ம்: ஒலிக்காப்பு பற்றி ஓர் ஆய்வு

படம் தொடங்குமுன் அரை நிமிடம் போல ஒன்று ஓடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்த ஆய்வு. இருட்டில் ஒரு ரயில் இடப்பக்கமாக வந்து வலப்பக்கமாகப் போகும். அல்லது காட்டில் மழைத்துளி சொட்டும். பிறகு நெஞ்சுக்குழி அதிர ஒரு கம்பனியின் பெயர் எழும்பும். கதை கிடையாது. நாயகன் கிடையாது. அதற்காக டிக்கெட் எடுத்தவர் எவரும் இல்லை. ஆனாலும் அது முடியும்வரை கச்சான் கொறிப்பவர்கூட வாயை நிறுத்திவிடுகிறார்.

இதை நம் இலக்கண மரபில் எங்கே வைப்பது? காப்புச் செய்யுளுக்குப் பக்கத்தில் வைக்கலாம். காப்பு, நூல் இடையூறில்லாமல் முடிய வேண்டுமென்று தெய்வத்தைக் கேட்பது. இதுவோ பாடப்போகும் நூலைப் பற்றி மூச்சு விடாமல் பாடுபவனின் தொண்டையை மட்டும் புகழ்வது. வேறுபாடு சிறிது என்பதால் 'ஒலிக்காப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஆய்வுக்களம் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆறு காம்பரா கொண்ட ஓர் ஒற்றை லயம். மூன்றாம் காம்பராவில் ஆய்வாளர் பிறந்து வளர்ந்தார். ஆய்வுக் கருவி, நாலாம் காம்பரா மாமாவின் டிவி. அதற்கு ஸ்பீக்கர் வலப்பக்கம் மட்டும். தீபாவளிக்கு டவுனிலிருந்து வரும் கொப்பி டீவீடியில் படத்தோடு ஒலிக்காப்பும் இலவசமாக வந்துவிடும். ரயில் இடமிருந்து வலம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எங்களுக்கு அது வலத்தில் தொடங்கி வலத்திலேயே முடிந்தது. "அந்தப் பக்கம் எலி கூடு கட்டியிருக்கும்" என்று மாமா ஒவ்வொரு வருஷமும் டிவியின் இடக்கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்.

முன்னோர் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆய்வென்று ஒப்பமாட்டார்கள். இவ்வகையில் தலையாயது, ஜேம்ஸ் மூரர் ஆக்கி 1983இல் 'ரிட்டர்ன் ஒஃப் த ஜெடாய்' படத்துக்கு முன் முழங்கிய டி.எச்.எக்ஸ். ஒலி. முப்பது குரல்கள் 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரை தாறுமாறாக அலைந்து திரிந்து, மெல்ல மெல்ல ஒரே சுரக்கட்டில் வந்து அமரும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டிருக்கும் சனம், துரையைக் கண்டதும் ஒரே சுருதியில் "சலாங்க தொரை" என்று முடிப்பதைப் பார்த்தவருக்கு இதன் அமைப்பை விளக்கத் தேவையில்லை.

டொல்பி கம்பனியை 1965இல் லண்டனில் தொடங்கிய ரே டொல்பி, அதற்கு முன் இரண்டு வருஷம் ஐ.நா. ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். ஒலிப்பதிவில் இரைச்சலைக் குறைக்கும் யோசனை அவருக்கு அங்கேதான் உதித்தது. கல்யாண மாதத்தில் ஒரு வாரம் அங்கே தங்கிய எவருக்கும் உதிக்கக்கூடியதுதான். அவர் எழுந்து போய்ச் செய்து முடித்தார். டி.டி.எஸ். வந்தது 1993இல், 'ஜுராசிக் பார்க்' படத்தோடு. அதில் படம் பிலிமிலும் ஒலி தனியே சீடியிலும் தியேட்டருக்கு வந்தன, மாப்பிள்ளை பஸ்ஸிலும் தாலி லொறியிலும் வருவதுபோல. இரண்டும் முகூர்த்தத்துக்குச் சந்திக்கப் பிலிமின் ஓரத்தில் நேரக்குறி போட்டிருந்தார்கள்.

மழைக் காப்பு எங்களிடம் எடுபடவே இல்லை. எங்கள் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. எங்கள் பக்கமும் சளைத்ததல்ல. அது தகரத்தில் இறங்கினால் டிவியில் நாயகியின் வாயசைவு மட்டும்தான் மிஞ்சும். ரயில் விஷயம் வேறு. களனிவெளிக் குறும்பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், அவிசாவளைக்கு அப்பாலான பாதை 1970களிலும் எடுபட்டுப் போயின. நடுவில், 1957இல், எங்கள் மாவட்டத்துக் கித்துல்கலை ஆற்றில் டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்காக மெய்யான ரயிலையே பாலத்தோடு தகர்த்தார். அந்தச் சத்தத்தை நாலா பக்கமும் மலை எதிரொலிக்க, டிக்கெட் இல்லாமல் கேட்டவர்கள் சுற்றுவட்டாரத்துச் சனம். இந்த மாவட்டத்தானிடம் டிவி ரயிலைக் காட்டி மிரட்டுவது கொஞ்சம் அதிகம்.

அடுத்து பௌதிகம். 30 ஹேர்ட்ஸ் ஒலியில் ஓர் அலையின் நீளம் 37 அடிக்கு மேல். லயக் காம்பரா 10க்கு 12 அடி. அந்த அலை காலை நீட்டிப் படுக்க வேண்டுமானால் மூன்று இடைச்சுவரை இடிக்க வேண்டும். ஒழுகுகிற ஒரு தகரத்தை மாற்றித் தரவே மூன்று வருஷம் மனுக்கொடுத்தோம். நல்லவேளை, எங்கள் லயத்தில் இடைச்சுவர்கள் கூரைவரை போவதில்லை. இந்தக் குறைதான் ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது.

5.1 என்றால் ஐந்து முழு ஸ்பீக்கர். 120 ஹேர்ட்ஸுக்குக் கீழான அடிச்சத்தத்துக்கென்று தனியாக ஒன்று. அது சுமப்பது சிறு பங்கு என்பதால் முழு எண் கொடுக்காமல் புள்ளிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். இனி எங்கள் லயத்தை எண்ணுங்கள். முதல் காம்பராவில் கைக்குழந்தை. இரண்டில் அம்மியும் வானொலியும். மூன்றில் நாங்கள். நாலில் டிவி. ஐந்தில் புருஷன் பெண்சாதி சண்டை. கூரைக்கடியில் எல்லாம் கலந்து எல்லார் தலையிலும் இறங்கும். லயத்துக்கு வெளியே, பௌத்தப் பன்சலையிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் இன்னொரு மொழி. சுற்றொலி என்றால் என்னவென்று சப்ரகமுவத் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆறாம் காம்பராவில் தாத்தா. பேச்சுக் குறைவு, இருமல் உண்டு. அந்த இருமல் காதுக்கு வருமுன் சுவர் வழியாக முதுகுக்கு வரும். அவர்தான் எங்கள் புள்ளி ஒன்று.

வயசில் தப்படித்தவர். விடியலில் பெரட்டுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, மாசியில் காமனுக்கு ஓர் அடி. பாயில் படுத்தபடியே அடியைக் கேட்டு, இன்றைக்கு வேலையா விசேஷமா என்று சொல்லிவிடலாமாம். ஒலிக்காப்புகளை ஒவ்வொன்றாக அவருக்குப் போட்டுக் காட்டினேன். ரயில், மழை, அந்த முப்பது குரல் முழக்கம். கடைசிவரை பார்த்துவிட்டு, "அடி நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அடிக்கிறாங்கன்னு சொல்லலியே" என்றார்.

இத்துறையில் இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

போன மாசியில் தாத்தா போய்ச் சேர்ந்தார். தப்படிக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கூப்பிட்டோம். காம்பரா பூட்டிக் கிடக்கிறது. எங்கள் லயம் இப்போது 5.0.