ஆசிரியர் இல்லாமல் கால்குலஸ்

கேள்வி: எங்கள் பள்ளியில் ஏ.பி. கால்குலஸ் பி.சி. வகுப்பு இல்லை. நானே படித்து மே மாதத் தேர்வை எழுத முடியுமா?
- ஒரு மாணவி, அமெரிக்கா

பதில்: தாராளமாக முடியும். 1665-ல் பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது, நியூட்டன் சொந்த ஊரில் இருந்தபடியே கால்குலஸை வளர்த்தெடுத்தார். அவருக்கு அதற்கென்று பாடப்புத்தகமே கிடையாது. உங்களுக்கோ புத்தகமும் இருக்கிறது, பழைய கேள்விகளும் இருக்கின்றன!

தேர்வில் விரிவாக எழுத வேண்டிய 6 கேள்விகளுக்குத் தலா 9 மதிப்பெண். பழைய கேள்விகளை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு மதிப்பெண் முறையோடு வெளியிட்டிருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கேள்விக்கு 15 நிமிடம் என்று எழுதி, நீங்களே திருத்துங்கள். தொகையீட்டில் 'பிளஸ் சி'யைக் கறிவேப்பிலையாக ஒதுக்கிவிடாதீர்கள், மதிப்பெண் போகும். முடிவிலித் தொடர்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இன்றைக்கே ஒரு கணக்கைப் போடுங்கள்.