லட்சுமி ஒண்ணு, பாக்குத கண்ணு ஒம்பது

வா மருமவனே, வா. அந்த ஓலைப்பெட்டிய மெதுவா ஒதுக்கிட்டுத் திண்ணையில உக்காரு. உள்ள கருப்பட்டி இருக்கு, ஒன்னைய விட அதுக்கு வெல சாஸ்தி. மைசூர் போயிட்டு வந்தியாமே? ஒங்க அம்மா சொன்னா. ஜெகன்மோகன் அரண்மனையில வெளக்குப் புடிச்ச பொண்ணு படத்துக்கு முன்னால அரைமணி நேரம் நின்னு, கண்ணு கலங்கி, "ரவிவர்மான்னா ரவிவர்மாதான்"னு சொன்னியாமே?

அழுதது சரி மருமவனே. ஆளுதான் தப்பு.

அதை வரைஞ்சது எஸ்.எல்.ஹல்தாங்கர்னு ஒரு மராட்டிக்காரர். தீவாளிக்கு மகள் வெளக்கை ஏந்திக்கிட்டு நின்னதைப் பாத்து, அவளையே நிக்கவெச்சு 1945-46 வாக்குல நீர்வண்ணத்துல வரைஞ்சாரு. ரவிவர்மா 1906-லயே போய்ச் சேந்துட்டாரு. நாப்பது வருசம் கழிச்சு ஆவியா வந்து வரைஞ்சாருன்னு நீ சொன்னா, எனக்கு ஆட்சேபம் இல்ல. அவரு படங்க தொங்குத அதே அரண்மனையில இதுவும் தொங்குதா, ஜனங்க அவரு பேருக்கே பட்டா போட்டுக் குடுத்துட்டாவ.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. பழைய பேப்பரை எடைக்கு வாங்கி, படிச்ச பெறவுதான் பொட்டலம் மடிப்பேன். நீ படிச்சது பரீட்சையோட போச்சு. நான் படிச்சது சில்லுக்கருப்பட்டியோட ஊர் ஊராப் போவுது.

இப்ப ஒண்ணு கேக்கேன். ரவிவர்மா இல்லன்னதும் அந்தப் பொண்ணு கையில வெளக்கு அணைஞ்சா போச்சு? இல்லல்லா? அப்ப நீ அழுதது வெளக்குக்கா, பேருக்கா? சரி சரி, மண்டையச் சொறியாத. இருக்குததே நாலு முடி.

அந்தா, கல்லாவுக்கு மேல தொங்குதே லட்சுமி, அதைப் பாரு. எங்க அப்பா காலத்துல பலசரக்குக் கடையில குடுத்த காலண்டர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கிட்டு வந்த கொண்டையராஜு கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு. அவரும் அவரு சிஷ்யமாரும் வரைஞ்ச சாமிங்க சிவகாசியில அச்சாகி, நம்ம தேரிக்காட்டு ஓலைக்குடிசை வரைக்கும் குடியேறிட்டாவ. சனவரி ஒண்ணாந்தேதி அது கடைக்காரன் விளம்பரம். வருசம் முடிஞ்சு, அடியில கத்திரி வெச்சுக் கடைப் பேரை நறுக்கி, கண்ணாடி போட்டு மாட்டுனதும் சாமி. கண்ணாடி ஒடைஞ்சு போச்சுன்னா குப்பையில போட மனசு வராது, அரசமரத்தடியில கொண்டு சாத்திருவோம். அங்கன அது சாமியும் இல்ல, விளம்பரமும் இல்ல, பென்சன் வாங்குத சாமி. கத்திரியும் ஆணியும் எடம் மாத்துனதுதான். லட்சுமி தாமரையில நின்ன எடத்துல அப்படியே நிக்கா.

இந்த ஒத்தப் படத்தைப் பாக்க என் கடையில எத்தனை கண்ணு! நகை ஆசாரி வந்தா ஒட்டியாணத்துக்கு எத்தனை பவுன்னு கணக்குப் போடுவாரு. பொண்ணுக்குப் பட்டு எடுக்கப் போற அம்மாவுக்குச் சேலைக் கரைதான் தெரியும். கடன் குடுத்தவருக்குக் கையில இருந்து கொட்டுத காசு. நம்ம பனையேறி ஒருத்தன், பேரு வேண்டாம், ரொம்ப நேரம் பாத்துட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, காலுக்குத் தளைநார் இல்லாம பூ மேல நிக்காளே, விழுந்துற மாட்டாளா?" ஏலே, பெரிய படிப்பு படிச்சவனுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

சிரிக்காத. பெரிய எடத்துலயும் கதை இதுதான்.

1876-ல ரவிவர்மா சகுந்தலைய வரைஞ்சாரு. தரையில சாஞ்சு படுத்துக்கிட்டு, தாமரை இலையில துஷ்யந்தனுக்குக் கடுதாசி எழுதுதா. சென்னைக் கண்காட்சியில வெச்சாவ. கவர்னர் பக்கிங்காம் பிரபு, அதான் பக்கிங்காம் கால்வாய்க்குப் பேரு குடுத்த மனுசன், அதைக் காசு குடுத்து வாங்கிட்டாரு. மோனியர் வில்லியம்ஸ்னு சமஸ்கிருதம் கரைச்சுக் குடிச்ச வெள்ளைக்காரரு, தான் இங்கிலீஷ்ல பேத்த சாகுந்தலத்துக்கு முகப்புல அதைப் போட்டாரு. பெறவு 1894-ல ரவிவர்மா பம்பாயில அச்சுக்கூடம் வெச்சாரா, அரண்மனையில இருந்த சாமியும் சகுந்தலையும் குடியானவன் வீட்டுச் செவுத்துக்கு எறங்கி வந்தாவ.

படம் வரைஞ்சு முப்பது வருசம் கழிச்சு விவேகானந்தர் சிஷ்யை நிவேதிதா அதே சகுந்தலையப் பாத்தாவ. குண்டுப் பொண்ணு ஒருத்தி தரையில நீட்டிப் படுத்துக் கடுதாசி எழுதுதா, இதைப் போயி வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கியளேன்னு திட்டி எழுதிட்டாவ. யாழ்ப்பாணத்து வழி வந்த ஆனந்த குமாரசாமி, ரவிவர்மா படத்துல நாடக மேடை வாடை அடிக்குன்னாரு. 1979-ல அரசாங்கம் வந்து, ரவிவர்மா படமெல்லாம் தேசத்துக் கலைச்செல்வம், ஒண்ணுகூட நாட்டை விட்டு வெளிய போவப்படாதுன்னுருச்சு.

பாத்தியா? கவர்னருக்கு அவ அழகு. பண்டிதருக்கு அவ காளிதாசனுக்குச் சாட்சி. நிவேதிதாவுக்கு மானக்கேடு. சர்க்காருக்குச் சொத்து. இத்தனை பேச்சுக்கும் சகுந்தலை எந்திரிச்சும் உக்காரல, இளைக்கவும் இல்ல.

அதனால மொதப் புத்தி சொல்லுதேன், முடிஞ்சு வெச்சுக்கோ. ஒருத்தன் படத்தைப் பத்திப் பேசுனா, படத்தைப் பாக்காத, அவனைப் பாரு. அந்த நிவேதிதா அம்மா சுதேசி சூடு பறக்குத காலத்துல நின்னுக்கிட்டு, இந்த நாட்டுக்குன்னு ஒரு கலை வேணும்னு தவிச்ச ஆளு. சகுந்தலைய அவுக தேடவே இல்ல, பாரத மாதாவைத் தேடுனாவ. கெடைக்கல. கோவம் வராதா? கல்யாண வீட்டுல தாலி கட்டுத நேரத்துல செருப்பைத் தேடுதவன் கண்ணுக்கு மாப்பிள்ளையா தெரிவான்?

"அப்ப யாரு என்ன சொன்னாலும் சரியா மாமா"ன்னு கேக்க வாயத் தொறக்க. தெரியும். பட்டணத்துல காப்பி குடிச்சிக்கிட்டே இதைத்தான் பேசுதியளாமே. உடன்குடிக்காரனைக் கேளு, பனை சொல்லும் பதிலு. பாளையில சொட்டுத சாறு ஒண்ணுதான். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா பயினி, அதான் பதநீர். தடவலைன்னா கள்ளு. மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, கலயம் வேற. படம் சாறு, நீ கலயம். ஒனக்குள்ள என்ன தடவியிருக்கோ அதுக்குத் தக்கனதான் ருசி. ஆனா எந்தக் கலயத்துல புடிச்சாலும் பனஞ்சாறு இளநீர் ஆவாது! படத்துல இல்லாததை இருக்குன்னு சொன்னா, அது கருத்து இல்ல மருமவனே, கலப்படம். கருப்பட்டியில சீனிப்பாகு கலக்குதவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?

ரெண்டாம் புத்தி. படம் எங்க தொங்குதுன்னு பாரு. இத்தாலி மிலான்ல லியனார்டோ கடைசி இராப்போஜனத்தை எங்க வரைஞ்சாரு தெரியுமா? கோயில்ல இல்ல, சாமியாருங்க சாப்பிடுத மண்டபத்துச் செவுத்துல. அவங்க கஞ்சி குடிக்கையில எதுத்தாப்புல ஏசுவும் பன்னிரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டிருப்பாவ. 1652-ல அந்தச் செவுத்துல வாசலைப் பெருசாக்க இடிச்சதுல ஏசுவோட பாதமே போச்சு. இன்னைக்கு அதைப் பாக்க உலகமே வரிசையில நிக்கி. இடிச்சவனுக்கு அது செவுரு, அம்புட்டுதான். மணப்பாட்டுப் பக்கம் போயிப் பாரு, எத்தனையோ வீட்டுல அந்தப் படம் சாப்பாட்டு மேசைக்கு மேலதான் தொங்குது. லியனார்டோ மனசு அந்த அடுக்களைக்காரிக்குத் தெரிஞ்ச அளவுக்கு, வாசலை இடிச்ச சாமியாருக்குத் தெரியல.

மூணாம் புத்தி, என் சொந்த அனுபவம். போன தசராவுக்கு நான் கடையில இருக்கேன். குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்ட ஆளுக வேசம் கட்டிக் காணிக்கைக்கு வருதாவ. ஒரு காளி வந்துச்சு. நாக்கு, கிரீடம், பத்துக் கையி, சாட்சாத் காலண்டர்ல இருந்து எறங்கி வந்த மாதிரி. நான் எந்திரிச்சுக் கும்பிட்டு, நூறு ரூவா போட்டேன். குங்குமம் வெச்சு விட்டுப் போவுது. போன பெறவுதான் அந்த நடை மண்டையில ஒறைச்சுது. எனக்கு ஆயிரத்து எரநூறு ரூவா பாக்கி வெச்சிட்டு ஆறு மாசமா இந்தத் தெருப் பக்கமே வராத பய! ஏமாந்துட்டேன்னு நெனைக்கியா? இல்லவே இல்ல. அன்னைக்கு அது காளிதான். கும்பிட்டது கும்பிட்டதுதான். சூரசம்ஹாரம் முடிஞ்சு காப்பு அவுத்த மறுநாள் வீட்டு வாசல்ல போயி நின்னு பாக்கியக் கேட்டேன், அது வேற விசயம். ஒரே உருவத்தை ரெண்டு விதமாப் பாக்கலாம் மருமவனே. எப்ப எதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

சரி, ஒன் போனை உள்ள வையி. இந்த லட்சுமியக் கிட்டப் போயிப் பாரு. நெத்தியில குங்குமம் திட்டாக் கெடக்கு, பாத்தியா? கண்ணாடிக்கு மேல, ஒங்க அத்தை வெள்ளிக்கெழமை தவறாம முப்பது வருசம் வெச்சது. குங்குமம் அப்பி அப்பி, லட்சுமிக்கு ஒரு கண்ணே மறைஞ்சு போச்சு. படத்தைக் கெடுத்துட்டியேன்னு நான் சத்தம் போட்டிருக்கேன். அவ போயி நாலு வருசமாச்சு. இப்ப நான் கல்லாவுல இருந்து நிமுந்து பாத்தா ஆசாரிக்குத் தெரிஞ்ச ஒட்டியாணமும் தெரியல, பனையேறிக்குத் தெரிஞ்ச தாமரையும் தெரியல. ஒரு மோதிர விரலு மட்டும் தெரியுது. கொண்டையராஜுவே வந்து, அதை நான் வரையலையேன்னு சொன்னாலும், ஒமக்குத் தெரியாது சாமி, செத்த உக்காரும்னுதான் சொல்லுவேன்.

கலப்படமாங்கியா? போலே, பெரியவங்ககிட்ட எடக்குப் பேசாத. சுண்ணாம்பு தடவுனது ஒங்க அத்தை.

ஒனக்கு என்ன தெரியுது, சொல்லு. வெக்கப்படாத. பேரைப் பாக்காத, என் மூஞ்சியப் பாக்காத, கண்ணுல படுததைச் சொல்லு.

தூசியா?

சபாசு! மைசூர்ல அரைமணி நேரம் நின்னு சொன்னதை விட இது உண்மை. அந்தா, கொடியில துண்டு கெடக்கு. கண்ணுல பட்டவன்தான் தொடைக்கணும். நெத்தியை மட்டும் தொடாத.