அந்தக் காலத்து நாக்கு

கல்யாணப் பந்தியில் ரசம் வருகிற நேரத்தில் கவனித்துப் பாருங்கள். வரிசையில் ஒருவர் உள்ளங்கையைக் குவித்து ரசத்தை வாங்குவார். உறிஞ்சுவார். கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுவார். நன்றாக இருக்கிறது என்று ஆட்டுகிறாரா, இல்லை என்று ஆட்டுகிறாரா என்பது சமையல்காரருக்கே விளங்காது. “ம்ஹும், இதெல்லாம் ஒரு ரசமா?” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு மறுபடியும் கையைக் குவிப்பார்.

அவர்தான் அந்தக் காலத்து நாக்கு.

காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்தப் பதவி என் பெரியப்பாவிடம் இருக்கிறது. வயது எழுபதைத் தொடுகிறது. பல் பாதி போய்விட்டது. நாக்கு மட்டும் 1965ஐத் தாண்டி வர மறுக்கிறது. எதைத் தட்டில் வைத்தாலும் அதற்கு மூத்த அண்ணன் ஒருவன் அந்தக் காலத்தில் இருந்திருப்பான். இந்தத் தக்காளி புளிக்காது, அந்தத் தக்காளி புளிக்கும். இந்த முட்டை வெளுப்பு, அந்த முட்டை மஞ்சள். வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும், தோட்டத்துக் கிணற்றில் அந்த நாளில் சேந்திய தண்ணீர் இனித்தது என்பார். இன்றைக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே என்று கேட்டால், கயிறு மாறிவிட்டது என்பார்.

இப்படிப்பட்டவர் தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று அறிய யாருக்கும் ஆசை வரும். விடிந்ததும் பேருந்து நிறுத்தத்துக் கடையில் டீ, வடை. எட்டு மணிக்கு இட்லி. மதியம் ரேஷன் அரிசிச் சோறு, ரேஷன் பாமாயிலில் தாளித்த கொள்ளுப்பருப்பு, பச்சைப்புளி ரசம். நாலு மணிக்குப் பேரனின் பிஸ்கெட் பொட்டலத்தில் தணிக்கை. இரவு தோசை. சந்தை நாளாக இருந்தால் தோசைக்குப் பதில் பரோட்டா. கம்பு எங்கே, ராகி எங்கே என்று தேட வேண்டாம். எல்லாம் வாயில்தான் இருக்கிறது, பேச்சாக.

“அப்பெல்லாம் இட்லின்னா தீவாளிக்குத்தான். மொத நாள் ராத்திரி தூக்கமே வராது” என்று நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்வார். இப்போது அவருக்குத் தினமும் தீபாவளி. ஆனாலும் முகத்தில் ஒரு மத்தாப்பு இல்லை.

ஐ.நா. சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததே, அந்த வருஷம் பெரியப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தான் நாற்பது வருஷமாகத் திண்ணையில் சொல்லி வந்தது ஒருவழியாக நியூயார்க்குக்குக் கேட்டுவிட்டது என்று நம்பினார். கம்பங்கூழை அவர் வர்ணித்தால் கேட்கிறவனுக்கு எச்சில் ஊறும். ராத்திரியே களியை உருண்டை பிடித்துப் புதுப்பானைத் தண்ணீரில் போட்டிருப்பார்களாம். காலையில் அதை மோர்விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தால், பொழுது உச்சிக்கு வரும்வரை பசி எட்டிப் பார்க்காதாம். அவருடைய கதையில் கூழ் எப்போதும் பானையிலிருந்துதான் தொடங்கும். பானைக்கு முன்னால் என்ன நடந்தது என்பது அந்தக் கதையில் வராது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயமுத்தூரில் வேளாண்மை படிக்கிற அவர் பேத்தி வீட்டில் பீட்சா செய்யப் போவதாக அறிவித்தாள். சீஸ் பொட்டலம் காங்கேயத்திலிருந்து ஈரத்துணி சுற்றிக்கொண்டு பேருந்தில் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து நுரைக்கவிட்டு, அதை மைதாவில் ஊற்றிப் பிசைந்து, குண்டாவில் மூடி வைத்தாள். பெரியப்பா நாற்காலியைச் சமையல்கட்டு வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். மேற்பார்வை இல்லாமல் எந்தப் பாலம் கட்டியிருக்கிறார்கள்?

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கினால் மாவு இரண்டு மடங்காக உப்பியிருந்தது.

“இதென்ன கண்ணு, மூச்சு விடுது?”

“இட்லி மாவு பொங்கறதில்லீங்களா அப்பாரு, அது மாதிரிதான்.”

“இட்லி மாவு ராத்திரி முச்சூடும் மரியாதையாப் பொங்கும். இது என்ன அவசரம்?”

அடுத்து சீஸைத் துருவினாள். பெரியப்பா ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்த்தார். “ஊத்துக்குளி வெண்ணெயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ரப்பரைக் காசு குடுத்து வாங்கியாந்திருக்கறே.”

தக்காளி, பூண்டு, வரமிளகாய் வதங்குகிற வாசம் வந்ததும் கொஞ்சம் தணிந்தார். ஆனால் கொள்கையை விடவில்லை. “என்ன இருந்தாலும் அயலூர்ப் பண்டம். நம்ம கம்பு மாதிரி வருமா?”

பேத்தி இதற்காகவே இரண்டு வருஷம் படித்தவள்போலத் திரும்பினாள். “கம்பும் அயலூருதானுங்க அப்பாரு. ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. உங்க மோர்மொளகா அமெரிக்காக் கண்டத்துப் பயிரு. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல வந்து எறங்குனதுக்கப்புறம் போர்ச்சுக்கீசியக் கப்பல்ல வந்தது. தக்காளியும் அங்கத்ததுதான். இத்தாலிக்காரனுக்கே அது எரவல்.”

பெரியப்பா சற்று யோசித்தார். “கம்பு வந்து எத்தன வருசமாச்சு?”

“மூவாயிரத்துக்கு மேலிருக்குமுங்க.”

“அப்பக் குடும்ப அட்டையே குடுத்தரலாம். உன்ற பீட்சா வந்து?”

“இப்பத்தான், ஒரு மணி நேரமாச்சு.”

“அதான் சொன்னேன்.”

வீட்டில் ஓவன் கிடையாது. தோசைக்கல்லில் அப்பத்தை ஒருபக்கம் சுட்டு, திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் தக்காளி மசாலாவைத் தடவி, வெங்காயமும் குடைமிளகாயும் பரப்பி, மேலே சீஸைத் தூவி, இட்லிப்பானை மூடியைக் கவிழ்த்தாள். கல்லில் சூடு அடியிலிருந்துதான் ஏறும். அதனால் அடி கருகத் தயாராகிவிட்டது, மேலே சீஸ் உருகத் தயாராகவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்து நாங்கள் எல்லோரும் மூடியைப் பார்த்தபடி நின்றோம். பிரசவ அறை வாசலில்கூட அந்தக் குடும்பம் அவ்வளவு பதற்றமாக நின்றதில்லை.

முதல் துண்டு வழக்கப்படி பெரியப்பாவுக்கு. கடித்தார், இழுத்தார். சீஸ் நூலாக நீண்டு முழங்கை வரை வந்தது. கண்ணை மூடினார். தலை ஆடியது. எந்தத் திசை என்று தெரியவில்லை.

“பள்ளிக்கூடத்துல அமெரிக்காப் பால்பவுடர் கரைச்சு ஊத்துவாங்க. அந்த வாசம் அப்பிடியே இருக்குது. அடி முறுமுறுப்பு இருக்குதே, அது எங்க ஆத்தா சுட்ட கம்படையேதான்.”

இது இந்த இனத்தின் முக்கியமான குணம். ஒரு பண்டம் பிடிக்காவிட்டால் அதன் வயதைக் குறைத்துவிடுவார்கள். பிடித்துவிட்டால் வயதைக் கூட்டிவிடுவார்கள். மூன்றாவது துண்டுக்குள் பீட்சா கிட்டத்தட்ட எங்கள் குலதெய்வக் கோயில் பிரசாதமாகிவிட்டது.

அப்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள். “உங்க ஆத்தா அடை சுட்டாங்க, செரி. கம்பு குத்துனது ஆரு?”

பெரியப்பாவுக்குத் திடீரென்று நீண்ட நேரம் மெல்ல வேண்டியிருந்தது.

“கண்ணாலமாகி வந்த வருசம் முச்சூடும் நாந்தான் குத்துனேன்” என்று பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். “கோழி கூப்பிடறதுக்கு முன்னால உரல்கிட்டப் போய் நிக்கோணும். தண்ணி தெளிச்சுக் குத்தி, பொடைச்சு, மறுக்காக் குத்தோணும். சொங்கு பறந்து மேலெல்லாம் அரிக்கும். உங்க பெரியப்பாவுக்குக் கூழோட ருசி நெனப்பிருக்குது. எனக்கு நாக்குல ஒண்ணும் நெனப்பில்ல கண்ணு. தோள்பட்டையிலதான் இருக்குது.”

“நான் குத்தச் சொன்னனா?” என்றார் பெரியப்பா, வாயில் சீஸோடு.

“நீங்க எங்க சொன்னீங்க. பசிக்குதுன்னுதான சொன்னீங்க.” அதோடு அந்த வழக்கை முடித்துவிட்டுத் தட்டைப் பேத்தியிடம் நீட்டினாள். “இன்னொண்ணு போடு அம்மிணி. காரமா இருக்குது, சூடா இருக்குது, உக்காந்த எடத்துக்கு வருது. இதுக்கு மேல ருசின்னு என்ன இருக்குது?”

அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் திண்ணையில் அந்தக் காலத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. நியூயார்க்கில் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அடுத்த ஞாயிறும் பீட்சா. அதே மாவு, அதே கல், அதே மூடி. இந்தத் தடவை ஒன்பது வயதுப் பேரன் முந்திக்கொண்டு முதல் துண்டை வாங்கினான். கடித்தான், இழுத்தான், கண்ணை மூடினான். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினான்.

“போன வாரத்து ருசி இல்ல” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினான்.

பெரியப்பா அவனைப் பார்த்த பார்வையில், தோட்டத்தை எழுதிவைக்க ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி தெரிந்தது. பெரியம்மாவும் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“எந்திரிச்சு வாடா சாமி. கையக் கழுவிட்டு வந்து அடுத்த மாவை நீ பெசை.”