பழைய கேமில் புது டாப்பெட்: செய்யூர்ப் பட்டறை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில், தேய்ந்த டாப்பெட்டை (கேம் தூக்கத் தூக்க, புஷ் ராடைத் தள்ளி வால்வைத் திறக்கும் துண்டு) மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கேம் ஷாஃப்டை அப்படியே விட்டுவைப்பது தகுமா என்பதே இவ்வாய்வின் பொருள். களம், செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர். டீசல்காரர்கள் பொறுத்தருள்க.

இதில் மூன்று கட்சிகள் உண்டு. கேமும் டாப்பெட்டும் சேர்ந்தே தேய்ந்தவை, சேர்ந்தேதான் போகவேண்டும் என்பது முழுமாற்றுவாதம். இதைப் பேசுவோரில் பலரிடம் வண்டி கிடையாது. டாப்பெட் மட்டும் போதும் என்பது அரைமாற்றுவாதம். மூன்றாவது சத்தமேற்புவாதம்: "அம்பாசிடர்னா டக்கு டக்குன்னுதான் சார் இருக்கும்."

அரைமாற்றுவாதம் ஏன் தழைத்தது? மூலகாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த இந்த இன்ஜினில், டாப்பெட்டுக்கென்று பிளாக்கின் பக்கவாட்டிலேயே மூடிகள் வைத்துவிட்டார்கள். புஷ் ராடை உருவி, மூடியைக் கழற்றினால் டாப்பெட் கைக்கு வந்துவிடும். கேம் அப்படியல்ல. ரேடியேட்டர், டைமிங் செயின், டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ், சம்ப்பு என்று பாதி இன்ஜின் தரைக்கு வரவேண்டும். இதிலிருந்து பெறப்படும் விதி: எது சுலபமாகக் கழல்கிறதோ, அதுவே தேய்ந்த பாகம்.

உள்ளூர்க் காரணமும் ஒன்று. உப்பளக் காற்றில் வண்டியின் பாடி முதலில் போகும், கேம் பிறகுதான். தளம் ஓட்டையாகி ரோடு தெரியும் வண்டிக்குக் கேம் வாங்குவதை வீட்டில் யாரும் ஒப்புவதில்லை.

ஆனால் சாஸ்திரம் அவ்வளவு இளகியதல்ல. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் கேம் 1500 சுற்றும். ஒவ்வொரு டாப்பெட்டும் அத்தனை முறை தூக்கப்படும். தூக்கும்போதெல்லாம் அது தன்னிடத்தில் கொஞ்சம் சுழலவும் வேண்டும். சுழன்றதா என்பதை அதன் அடியே சொல்லும். வட்டவட்டமாகத் தடம் இருந்தால் நல்லது. ஒரே திசையில் கோடு விழுந்திருந்தால் டாப்பெட் நின்றுபோயிருக்கிறது, கேமும் சேர்ந்து அரைபட்டிருக்கிறது.

மெக்கானிக் டாப்பெட்டின் அடியில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடிக்கிறார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் குழி. பிறகு பக்கவாட்டு ஓட்டைக்குள் கைவிட்டு, கேமின் மேட்டில் நகத்தை ஓட்டுகிறார். நகம் மாட்டினால் முழுமாற்றுவாதம் வென்றது. வழுக்கினால் புது டாப்பெட்டைப் போடலாம். மூன்று கட்சியின் வாதமும் ஒரு விரல் நகத்தில் தீர்கிறது. அது ஏன் முதலிலேயே நடப்பதில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விடைதான்: டீக்கடை பக்கத்திலேயே இருக்கிறது.

பிறகு எட்டு வால்வுக்கும் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) இடைவெளி வைக்கவேண்டும். முதலாவதை அளக்க எட்டாவது முழுதாய்த் திறந்திருக்கவேண்டும், மூன்றாவதற்கு ஆறாவது. எந்த இணையைக் கூட்டினாலும் ஒன்பது. நவக்கிரகத் தொடர்பை இவ்வாய்வு வலியுறுத்தவில்லை.

ஒன்றில் மட்டும் எல்லாக் கட்சிகளும் ஒருமனம்: பழைய டாப்பெட்டைப் புதுக் கேமில் போடக்கூடாது, கேம் சீக்கிரமே பாழாகும். ஆனாலும் கழற்றிய எட்டையும் எவரும் எறிவதில்லை. தினசரித்தாளில் சுற்றி டிக்கியில் வைக்கிறார்கள். அவை வண்டியோடு காயலான் கடைக்குப் போகின்றன. அங்கே எவரோ அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கேம் வாங்கிவந்திருக்கும் ஆளிடம் நீட்டுகிறார்: "ஒரிஜினல் சார், அந்தக் காலத்து இரும்பு."